சீன மொழி படிக்க ஓராண்டு: வீசாவும் தங்குமிடமும் பற்றி மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவில் ஓர் ஆண்டு மொழி படித்துவிட்டுக் கல்லடிக்குத் திரும்பிய பிறகு, மொழியைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் மிகக் குறைவு. கடவுச்சீட்டு, வீசா, அறை, சாப்பாடு, குளிர் என்று சுற்றிச் சுற்றி இவற்றையே கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் மாணவர்கள், மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள். ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரை வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். வீசாவை ஒரு வேலையாகவும் அறை தேடுவதை இன்னொரு வேலையாகவும் பிரித்துப் பார்த்தவர்கள்தான் அங்கே போய் அதிகம் அலைந்தார்கள். சீனாவில் நீங்கள் எந்த முகவரியில் படுத்து எழும்புகிறீர்கள் என்பது பொலிசில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் வதிவிட அனுமதி இல்லை. வதிவிட அனுமதி இல்லாவிட்டால், கொழும்பில் வரிசையில் நின்று வாங்கிய வீசாவுக்கு முப்பது நாள்தான் ஆயுள்.

ஒரு வருடப் படிப்புக்கு எந்த வீசா எடுக்க வேண்டும்?

எக்ஸ் 1. படிப்பு 180 நாட்களைத் தாண்டினால் அதுதான். ஒரு தவணை மட்டும் படிக்கப் போகிறவர்களுக்கு எக்ஸ் 2. செப்டெம்பரில் தொடங்கி அடுத்த ஜூலையில் முடியும் மொழிப் படிப்புக்கு எக்ஸ் 1 என்பதில் குழப்பமே வரக்கூடாது. ஆனாலும் விண்ணப்பப் படிவத்தில் தவறான கட்டத்தில் அடையாளம் இட்டவர்களைக் கண்டிருக்கிறேன். சேர்க்கைக் கடிதத்தில் உள்ள தொடக்கத் திகதியையும் முடிவுத் திகதியையும் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

எக்ஸ் 1 வீசா ஒட்டப்பட்டுக் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் வீட்டில் ஒரு பதற்றம் கிளம்பும். தங்கும் காலம் என்ற இடத்தில் 000 என்று அச்சாகியிருக்கும். “ஒரு நாளும் தங்க முடியாதா மகன்?” என்று என் அம்மா கேட்டார். அந்த மூன்று பூச்சியங்களின் பொருள், தங்கும் காலத்தைச் சீனாவுக்குள் போன பிறகு வதிவிட அனுமதி தீர்மானிக்கும் என்பதுதான். நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அந்த அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். எக்ஸ் 1 பெரும்பாலும் ஒரு முறை நுழைவதற்கு மட்டுமே தரப்படுகிறது. அனுமதி கைக்கு வருவதற்கு முன் அவசரப்பட்டு ஊருக்கு வந்தால், திரும்பிப் போகப் புதிதாக வீசா எடுக்க வேண்டியிருக்கும்.

முகவர் ஒருவர், “சுற்றுலா வீசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார். சரியா?

வேண்டாம். பல்கலைக்கழகம் உங்களைப் பதிவு செய்வதற்கே படிப்பு வீசாவைக் கேட்கும். இப்படிச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், மீதிப் பணத்தையாவது காப்பாற்றுங்கள்.

முகவர் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மொழிப் படிப்புக்கான விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலேயே நீங்களே நிரப்பலாம். ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும். முகவர் கையில் கிடைத்த சேர்க்கைக் கடிதம் உண்மையானதா என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அப்படிக் கேட்பதை அங்கே யாரும் தவறாக எடுப்பதில்லை. தனியாள் கணக்குக்குக் கட்டணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வீசாவுக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

சேர்க்கைக் கடிதம், ஜே.டபிள்யூ. படிவம், கடவுச்சீட்டு, இணையவழியில் நிரப்பி அச்சிட்ட விண்ணப்பம், புகைப்படம், வெளிநாட்டவருக்கான உடற்பரிசோதனைப் படிவம். இவற்றில் பலருக்குப் பழக்கமில்லாதது ஜே.டபிள்யூ. படிவம்தான், அதாவது சீனாவில் படிப்பதற்கான வீசா விண்ணப்பப் பத்திரம். சீன அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றவர்களுக்கு 201, சொந்தச் செலவில் போகிறவர்களுக்கு 202. பல்கலைக்கழகமே சேர்க்கைக் கடிதத்துடன் இதையும் சேர்த்து அனுப்பும். இரண்டிலும் உள்ள பெயர், கடவுச்சீட்டு இலக்கம், திகதி ஆகியவற்றை வந்த அன்றே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் திருத்தி அனுப்ப அவர்களுக்கும் நாள் வேண்டும்.

இங்கே ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் முக்கியமான காகிதம் எது வந்தாலும் அன்று மாலையே கடைக்குக் கொண்டுபோய் லமினேட் செய்துவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ், உயர்தரச் சான்றிதழ், கோவில் பஞ்சாங்கம் வரைக்கும் எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் போய்விடும். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை பதியாது. வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டிய சான்றிதழ்களை லமினேட் செய்து கொண்டுபோகாதீர்கள். க.பொ.த. சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து ஆங்கிலத்திலேயே புதிதாகப் பெறலாம். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். கூகுளின் மின்னஞ்சல் சீனாவில் திறக்காது. ஆகவே வேறொரு மின்னஞ்சலிலும் பென்டிரைவிலும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். சேர்க்கைக் கடிதம், ஜே.டபிள்யூ. படிவம் ஆகியவற்றின் மூலப் பிரதிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சூட்கேஸில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பினால், அங்கே குடிவரவு மேசையில் கேட்கும்போது கையில் ஒன்றும் இராது.

பெயரில் சின்ன வித்தியாசம் இருக்கிறது. பரவாயில்லையா?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் மிக முக்கியமானது. கேட்பவர்களோ இதைக் கடைசியாக, போகிற போக்கில் கேட்கிறார்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள் என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. சிலர் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக இடுகிறார்கள், சிலர் சொந்தப் பெயரை இடுகிறார்கள், சிலர் முதலெழுத்தை மட்டும் இட்டுவிடுகிறார்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது பக்கம் இன்னொரு சிக்கல். முகம்மது என்ற பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பாடசாலைச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும், கடவுச்சீட்டில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். நம் ஊரில் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி முடித்தால் காரியம் நடந்துவிடும். சீன வங்கியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்ணுக்குச் சத்தியக் கடதாசி என்றால் என்னவென்றே தெரியாது.

ஆகவே ஒரே விதி: கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும். எழுத்து, வரிசை, இடைவெளி மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இடைவெளி என்று சொல்வதை வேடிக்கையாக நினைக்காதீர்கள். என் வங்கிக் கணக்கில் பெயரை இடைவெளி இல்லாமல் அடித்துவிட்டார்கள். தொலைபேசிச் சிம் இடைவெளியுடன் பதிவாகியிருந்தது. இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று பணம் செலுத்தும் செயலி அடம் பிடித்தது. அந்த ஓர் இடைவெளிக்காக மூன்று முறை வங்கிக்கு நடந்தேன். சான்றிதழ்களுக்கும் கடவுச்சீட்டுக்கும் இடையில் எழுத்து வேறுபட்டால், சத்தியக் கடதாசியை ஆங்கிலத்தில் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே இணைத்துவிடுங்கள். கடவுச்சீட்டை இன்னும் எடுக்காதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இப்போதே பிறப்புச் சான்றிதழை ஒத்த பெயரில் எடுங்கள்.

என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. வருடம் முழுவதும் ஆசிரியை வகுப்பில் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னை அதட்டினார். வீட்டுப்பாடம் செய்யாதது நான், திட்டு வாங்கியது அவர்.

கடவுச்சீட்டு எவ்வளவு காலம் செல்லுபடியாக இருக்க வேண்டும்?

வீசாவுக்குக் குறைந்தது ஆறு மாதம். ஆனால் வதிவிட அனுமதி கடவுச்சீட்டின் காலாவதித் திகதியைத் தாண்டிப் போகாது. ஓராண்டுப் படிப்புக்குப் புறப்படும் நாளில் கையில் ஒன்றரை வருடமாவது மீதி இருக்கட்டும்.

புகைப்படத்துக்கு ஏதாவது விதி உண்டா?

33க்கு 48 மில்லிமீற்றர், வெள்ளைப் பின்னணி. நம் ஸ்டூடியோக்கள் கை பழகிய அளவில்தான் வெட்டித் தருவார்கள், அளவைச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளைச் சட்டை அணிந்தால் கழுத்துக்குக் கீழே ஆளையே காணாது. சமய காரணத்துக்காகத் தலையை மூடுபவர்கள் மூடிக்கொண்டே எடுக்கலாம், முகம் முழுமையாகத் தெரிந்தால் போதும்.

உடற்பரிசோதனையை எப்போது செய்வது?

அவசரப்பட்டு ஜனவரியில் செய்யாதீர்கள். முடிவுகள் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். செப்டெம்பரில் போகிறவருக்கு ஜூன், ஜூலை நல்ல காலம். மார்பு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., எச்.ஐ.வி., சிபிலிஸ் உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகள் அதில் அடங்கும். படிவத்தில் உங்கள் படத்தின் மேலும் மருத்துவமனை முத்திரை விழ வேண்டும், மருத்துவரின் கையெழுத்து வேண்டும், ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாது. முத்திரை படத்துக்கு அருகில் விழுந்து படத்தைத் தொடாமல் போனதால் திரும்பச் செய்தவரை எனக்குத் தெரியும். எக்ஸ்ரே அறிக்கையையும் இரத்த அறிக்கையையும் மூலப் பிரதியாகவே கொண்டுபோங்கள். அங்கே சுகாதார நிலையத்தில் அவற்றைச் சரிபார்ப்பார்கள். திருப்தி இல்லாவிட்டால் உங்கள் செலவில் மறுபடியும் செய்யச் சொல்வார்கள்.

கொழும்புக்கு எத்தனை முறை அலைய வேண்டும்?

திட்டமிட்டால் இரண்டு முறை. திட்டமிடாவிட்டால் கணக்கில்லை. மட்டக்களப்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், அக்கரைப்பற்று, பொத்துவிலிலிருந்து இன்னும் கூட. இரவு ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ ஏறி, விடியக் கோட்டையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு அலுவலக வாசலுக்குப் போய்ச் சேரும்போது கதவு பூட்டியிருந்தால் அழுகை வரும். எனக்கு வந்தது. அன்று போயா என்பது எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த நாளும் அந்த அலுவலகம் திறக்காது என்பது தெரியாது. சீன விடுமுறைகளையும் பாருங்கள், முக்கியமாக ஒக்டோபர் முதலாம் திகதி தேசிய தினத்தையும் வசந்த விழாவையும்.

செப்டெம்பர் அணிக்கு வீசா வேலை ஜூலையிலும் ஆகஸ்டிலும் விழுகிறது. மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தமும் அந்த நாட்களில்தான் வரும். தீர்த்தம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டால், விமான டிக்கெட்டின் விலை அதற்குள் ஏறிவிடும். மறுபக்கம், வீசா கைக்கு வருவதற்கு முன் திகதி மாற்ற முடியாத டிக்கெட்டை எடுப்பதும் புத்திசாலித்தனமன்று.

புலமைப்பரிசில் கிடைக்குமா?

கிடைக்கும், உழைத்தால். மொழி படிக்கப் போகிறவர்களுக்குப் பொருத்தமானது சர்வதேச சீன மொழி ஆசிரியர் புலமைப்பரிசில். முன்பு கன்பூசியஸ் நிறுவகப் புலமைப்பரிசில் என்று அழைக்கப்பட்டது. ஓராண்டு மொழிப் படிப்புக்கு எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வின் மூன்றாம் தரத்தில் 300க்கு 210 புள்ளிகள் கேட்கிறார்கள். வயது 16இலிருந்து 35 வரை. கற்கைக் கட்டணம், விடுதி, காப்புறுதி ஆகியவற்றுடன் மாதம் 2,500 யுவான் கைச்செலவுக்கு. அறிவிப்பு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும், அதை வாசித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

மூன்றாம் தரத்துக்குப் பழைய பாடத்திட்டத்தில் ஏறத்தாழ 600 சொற்கள். ஒழுங்காகப் படித்தால் ஒரு வருடத்தில் முடியும். களனிப் பல்கலைக்கழகத்திலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் கன்பூசியஸ் நிறுவகங்கள் உள்ளன. கிழக்கிலிருந்து வாராவாரம் வகுப்புக்குப் போய் வருவது நடக்காத காரியம். இணையவழியில் படித்துப் பரீட்சைக்கு மட்டும் போகிறவர்களே இங்கே அதிகம்.

ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: முதல் மாதப் பணம் வருவதற்குத் தாமதமாகும். வங்கிக் கணக்கு திறந்து, பதிவு முடிந்து, பட்டியல் போய்ச் சேர வேண்டும். ஆறு வாரச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

சொந்தச் செலவில் போனால் எவ்வளவு ஆகும்?

பெய்ஜிங், ஷாங்காய் போன்ற நகரங்களில் ஆண்டுக் கட்டணம் 20,000 யுவானைத் தாண்டும். மாகாண நகரங்களில் 15,000 யுவானைச் சுற்றி நிற்கும். மாணவர் காப்புறுதி ஆண்டுக்கு 800 யுவான், ஓராண்டுக்குக் குறைந்த வதிவிட அனுமதிக்கு 400 யுவான். இவற்றுக்கு மேல் விடுதியும் சாப்பாடும். பெரிய நகரத்தின் பெயரில் மயங்காதீர்கள். மொழி படிக்கப் போகிறவருக்கு ஆங்கிலம் பேச ஆளில்லாத சிறு நகரம்தான் நல்ல ஆசான்.

பல்கலைக்கழக விடுதியா, வெளியே வாடகை வீடா?

முதல் தவணைக்கு விடுதி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

காரணம் வசதியன்று. விடுதிக் கட்டில் மரப் பலகைக்குத் தம்பி. அறைக்கு இரண்டு பேர், இரவு பதினொரு மணிக்கு வாசல் பூட்டுகிற விடுதிகள் உண்டு, சுடுநீருக்கு நேரம் குறித்திருப்பார்கள், சோறு சமைக்கும் மின்குக்கரைக் கண்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் விடுதியில் இருந்தால் உங்கள் முகவரிக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பு. பொலிஸ் பதிவுக்குத் தேவையான காகிதத்தை விடுதி அலுவலகமே தரும், சில இடங்களில் பதிவையும் அவர்களே செய்துவிடுவார்கள். வதிவிட அனுமதிக்கான பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

விடுதியை இணையத்தில் ஒதுக்கும் நாளைச் சேர்க்கைக் கடிதத்துடன் அறிவிப்பார்கள். பெரும்பாலும் கோடையில் வரும். பெரிய நகரங்களில் சில மணி நேரத்தில் அறைகள் தீர்ந்துவிடும். சீனா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது என்பதை மறந்து, அங்கே காலை ஒன்பதுக்குத் திறக்கும் பக்கத்தை இங்கே ஒன்பதுக்குத் திறந்து பார்த்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். நம் கடிகாரத்தில் அது ஆறரை.

வெளியே போக வேண்டியே வந்தால், “யா யீ ஃபூ சான்” என்ற சொற்றொடரைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு மாத முற்பணம், மூன்று மாத வாடகை என்று பொருள். அதாவது சாவி கைக்கு வரும் முன் நான்கு மாதப் பணம் கையை விட்டுப் போகும். தரகருக்குக் கூலி வேறு. வீட்டைப் பார்த்ததும் அலுமாரி எத்தனை என்று கேட்காமல், “என்னைப் பொலிசில் பதிய வருவீர்களா?” என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வாடகை ஒப்பந்தம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, வீட்டு உரிமைப் பத்திரப் பிரதி ஆகியவை பதிவுக்கு வேண்டும். தயங்கினால், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். ஊருக்குப் போகும் மூத்த மாணவரிடமிருந்து வாய்ப்பேச்சில் அறையை வாங்கிக்கொள்வதும் இதே சிக்கலில்தான் முடியும். விடுதியை விட்டு வெளியேறுவதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரே அறையில் சேர்ந்துகொள்ள ஆசைப்படுவது இயல்பு. ஆனால் கல்முனையில் பேசும் தமிழை ஒரு வருடம் சீனாவில் பேசிவிட்டு வருவதற்கு அத்தனை பணம் செலவழிக்க வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்தவர் கஸகஸ்தான்காரர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி, இருவருக்குமே தெரியாத சீனம். இரண்டு மாதத்தில் வாய் திறந்துவிட்டது.

போய் இறங்கியதும் 24 மணி நேரத்தில் பொலிசுக்குப் போக வேண்டுமாமே? பயமாக இருக்கிறது.

நம் பகுதியில் பொலிஸ் பதிவு என்றால் எதற்கெல்லாம் பயந்தோம் என்பது பெற்றோருக்கு நினைவிருக்கும். அந்த நினைவை இதில் கலக்க வேண்டாம். அங்கே எல்லா வெளிநாட்டவருக்கும் இது வழக்கமான அலுவலக வேலை. 2013 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, ஹோட்டல் தவிர்ந்த இடத்தில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும். பொலிஸ் நிலையத்தைப் “பைச்சூசுவோ” என்பார்கள். பத்து நிமிட வேலை. கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள், முகவரியைக் கணினியில் ஏற்றுவார்கள், ஒரு தாளைத் தருவார்கள். தவறவிட்டால் எச்சரிக்கை, அதற்கு மேல் 2,000 யுவான் வரை அபராதம்.

விடுதி திறக்கும் முன் போய்விட்டால் ஹோட்டலில் தங்குங்கள், அவர்களே பதிந்துவிடுவார்கள். தெரிந்தவர் வீட்டில் இரண்டு இரவு படுத்தாலும் பதிவு வேண்டும். அறை மாறினால் மறுபடியும் வேண்டும். அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள், வதிவிட அனுமதி விண்ணப்பத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வதிவிட அனுமதிக்குக் கொடுத்தால் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா?

ஆம், அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் பொலிஸ் பதிவு, பிறகு உள்ளூர்ச் சிம், பிறகு வங்கிக் கணக்கு, கடைசியாக வதிவிட அனுமதி. சிம்முக்கும் வங்கிக்கும் மூலக் கடவுச்சீட்டு வேண்டும். அதைக் கையளித்த பிறகு உங்களிடம் இருப்பது ஒரு பற்றுச்சீட்டுதான், முடிவு வரப் பதினைந்து நாள் வரை ஆகலாம். அந்தச் சீட்டைக் காட்டி நாட்டுக்குள் ரயில் ஏறலாம், நாட்டை விட்டு வெளியேற முடியாது. முப்பது நாள் இருக்கிறது என்று இருபத்தெட்டாம் நாள் வரை காத்திருக்காதீர்கள். ஒக்டோபர் தொடக்கத்தில் தேசிய தின விடுமுறை ஒரு கிழமையை விழுங்கிவிடும்.

ஹலால் சாப்பாடு கிடைக்குமா? மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் என்ன செய்வார்கள்?

காத்தான்குடி உம்மாமார் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி இது. “சிங்ஜென்” என்று ஒலிக்கும் இரண்டு எழுத்துகளைப் புறப்படும் முன்பே கண்ணுக்குப் பழக்குங்கள். ஹலால் கடையின் பலகையில் அவை இருக்கும், பச்சை நிறமும் பெரும்பாலும் கூட இருக்கும். பல பல்கலைக்கழகங்களில் இதற்கெனத் தனி உணவகம் உண்டு. கையால் இழுத்து நூலாக்கும் லான்சோ நூடுல்ஸ் கடைகள் ஏறக்குறைய எல்லா நகரங்களிலும் இருக்கின்றன, நடத்துபவர்கள் பெரும்பாலும் சீன முஸ்லிம்கள். சாப்பாட்டை முன்னிறுத்தி நகரத்தைத் தேர்வதானால் சியான், லான்சோ, யின்சுவான் ஆகியவற்றைப் பாருங்கள்.

உணவுப் பட்டியலில் வெறுமனே “ரோவ்”, அதாவது இறைச்சி என்று எழுதியிருந்தால் அது பன்றி என்றே கொள்ள வேண்டும். மாட்டுக்கு “நியூரோவ்”, ஆட்டுக்கு “யாங்ரோவ்” என்று விலங்கின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். மாட்டிறைச்சி தின்னாதவர்களுக்கும் இந்தச் சொல் உதவும். மரக்கறிக்காரர்கள் “வோ ச்சி சூ” என்று சொல்லலாம். ஆனால் கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கிவிட்டு, இது மரக்கறிதானே என்று அன்போடு தருவார்கள். எண்ணெய் எது என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பையில் என்ன கொண்டுபோகலாம்?

இறைச்சி, பால் பொருட்கள், முட்டை, பழங்கள், விதைகள் ஆகியவற்றைச் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். எருமைத் தயிர் முட்டியை யாரும் கொண்டுபோகப் போவதில்லை என்று நினைத்தேன். ஒரு வாப்பா என்னிடம் கேட்டேவிட்டார். மிளகாய்த்தூளையும் கறித்தூளையும் நன்றாக மூடிய பொதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிரைத் தாங்க முடியுமா?

கச்சான் காற்று வீசும் ஆகஸ்டில் பெட்டி கட்டும்போது கம்பளி யாருக்கு ஞாபகம் வரும்? நுவரெலியாவுக்கு அணிந்த சுவெட்டரை வைத்துக்கொண்டு துணிந்துவிடுவார்கள். ஹார்பினில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகையையும் தாண்டிப் போகும்.

ஆனால் வியப்பு என்னவென்றால், நடுங்குவது வடக்கே போனவர்கள் மட்டுமல்ல. சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே உள்ள நகரங்களில் கட்டடங்களுக்கு மையச் சூடாக்கி உண்டு. பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை அறைக்குள் மெல்லிய சட்டையுடன் இருக்கலாம். அதற்குத் தெற்கே, நான்ஜிங், வூஹான், ஷாங்காய் போன்ற இடங்களில் அந்த ஏற்பாடு இல்லை. வெளியே இரண்டு பாகை, அறைக்குள்ளும் ஏறத்தாழ அதே. விடுதியைத் தேர்வு செய்யும்போது அறையில் சூடாக்கும் வசதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். தடித்த மேலங்கியை இங்கே வாங்கிச் சுமக்க வேண்டாம், அங்கே மலிவு. உள்ளே அணியும் கம்பளி உடுப்பு இரண்டு சோடி மட்டும் கொண்டுபோங்கள்.

வீட்டுக்கு எப்படிப் பேசுவது?

வாட்ஸ்அப், பேஸ்புக், கூகுள் மூன்றும் அங்கே தடை. வீசாட் செயலியைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். வீசாவோடு அதற்கு எந்த உறவும் இல்லை, பெயர் மட்டும்தான் இப்படி. அதில் கணக்குத் திறக்க ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டி வரலாம். ஆகவே உங்கள் கைபேசியிலும் அம்மாவின் கைபேசியிலும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அதைத் திறந்து, அடுத்தடுத்த அறைகளில் இருந்தே பேசிப் பழகுங்கள். இங்கே இரவு எட்டரைக்கு அம்மா அழைத்தால் அங்கே பதினொன்று, அறைத்தோழர் போர்வைக்குள் போயிருப்பார்.

இலங்கைச் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். நம் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் அதற்குத்தான் வரும்.

பகுதிநேர வேலை செய்யலாமா?

பல்கலைக்கழகத்தின் சம்மதமும் குடிவரவு அலுவலகத்தின் அனுமதியும் இல்லாமல் கூடாது. ஆங்கிலம் படிப்பிக்கக் கூப்பிடுவார்கள், கையில் காசும் தருவார்கள். பிடிபட்டால் அபராதம் 5,000 யுவானில் தொடங்கி 20,000 வரை போகும். தடுத்து வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

மகளைத் தனியாக அனுப்பலாமா?

அனுப்பியவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். விடுதியில் பெண்களுக்குத் தனித் தளமா, தனிக் கட்டடமா என்று எழுதிக் கேளுங்கள், பதில் எழுதுவார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் சீனாவில் வசிக்கும் ஒருவரைப் பாதுகாவலராகக் காட்டும் ஆவணம் வேண்டும். இலங்கை மாணவர்கள் மருத்துவம் படிக்கும் நகரங்கள் பல உள்ளன. அங்கே ஓர் அக்காவைத் தேடிப் பிடித்து முன்கூட்டியே பேசிவைத்தால், பெற்றோரின் பாதிப் பயம் போய்விடும்.

வருடம் முடியும்போது என்ன செய்ய வேண்டும்?

வதிவிட அனுமதியின் கடைசித் திகதியைப் பாருங்கள், படிப்பு முடியும் திகதியை நம்பாதீர்கள். தொடர்ந்து படிக்க விரும்பினால், அனுமதி முடிவதற்கு முப்பது நாட்களுக்கு முன்பே நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பழைய இடத்திலிருந்து விலகல் கடிதம் வாங்காமல் வெளியேற வேண்டாம். ஊருக்கு வந்த பிறகு அதை மின்னஞ்சலில் கேட்டுப் பெறுவது பெரும்பாடு. திகதியைத் தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான் அபராதம், உச்சம் 10,000.

விடுதி முற்பணத்தைத் திருப்பித் தருவார்கள், அதற்கு முதல் நாள் தந்த பற்றுச்சீட்டைக் கேட்பார்கள். பணம் சீன வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆகவே கணக்கை மூடுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். என் பற்றுச்சீட்டு அகராதிக்குள் கிடந்தது, விமானத்துக்கு முதல் நாள் இரவு அதைத் தேடியெடுத்துக் கொடுத்தேன்.